சின்னக் கீறல் என்ற பெரிய சமாதானம்

பெண் குழந்தையின் பிறப்புறுப்பைக் கீறுவது, வெட்டுவது பற்றிப் பேச்செடுத்தால், அந்த வழக்கத்துக்காக வாதாடுபவர்கள் இப்போது முன்போலக் கோபப்படுவதில்லை. நிதானமாக, விவரம் தெரிந்தவர்களாகப் பேசுகிறார்கள். "சோமாலியாவிலும் சூடானிலும் நடப்பது கொடுமைதான். அதை நாங்களும் எதிர்க்கிறோம். எங்களிடம் நடப்பது அதுவல்ல. மேல்தோலில் ஒரு சின்னக் கீறல், ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். காது குத்துகிற வலிகூட இருக்காது. டாக்டர் கையால் சுத்தமாகச் செய்தால் ஆபத்தே கிடையாது. தடை போட்டால் எல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விடும், கெடுதல்தான் கூடும்."

இதை விவரமில்லாதவர்களின் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே 2010 ஏப்ரலில் கிட்டத்தட்ட இதே யோசனையை முன்வைத்தது. பெற்றோர் மகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிவிடுவதைத் தடுக்க, மருத்துவரே ஊசியால் லேசாகக் குத்திவிட்டால் என்ன என்று கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே பின்வாங்கியது. அதே 2010இல் இந்தோனேசிய சுகாதார அமைச்சகம், மருத்துவப் பணியாளர்கள் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று விதிமுறையே வகுத்தது. இந்தியாவில் தாவூதி போரா முஸ்லிம் சமூகத்தின் ஒரு பகுதிப் பெண்கள், தங்கள் 'கஃப்ஸ்' வேறு, உறுப்புச் சிதைப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் வரை சென்று சொன்னார்கள். இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களில், பிள்ளை பிறந்து நாற்பதாம் நாளையொட்டி, இதைச் செய்யும் ஒஸ்தா மாமியை வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் பற்றிக் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்: "அது ஒண்டும் பெரிய விஷயமில்ல."

அதைச் சொல்பவர்களில் பலர் நல்லெண்ணம் உள்ளவர்கள். தாய்மார்களும் பாட்டிமார்களும் மகளுக்குத் தீங்கு செய்ய நினைத்து அந்த அறைக்குள் போவதில்லை. வாதம் மட்டும் தவறு, அதுவும் ஒவ்வொரு கண்ணியிலும்.

1. சின்னக் கீறல் என்று அளந்து பார்த்தவர் யார்?

கீறுபவரின் எண்ணம் சின்னதாக இருக்கலாம். கீறப்படும் இடம் அதைவிடச் சின்னது. நாற்பது நாள் குழந்தையின் கிளிட்டோரிஸும் அதை மூடியிருக்கும் தோல்மடிப்பும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். அங்கே தோலை மட்டும் தொட்டு, அடியில் இருக்கும் நரம்புச் செறிவைத் தொடாமல் பிளேடை எடுப்பது தேர்ந்த அறுவை மருத்துவருக்கே சவால். அதைச் செய்வதோ பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு மூதாட்டி. போரா சமூகத்தில் பொதுவாக ஏழு வயதில் செய்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை காலை உதறும், முறுக்கும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த நிலையில் அளவைப் பற்றி யார் உத்தரவாதம் தர முடியும்?

போரா பெண்களிடையே நடத்திய கள ஆய்வொன்று 2018இல் வெளியானது. சிறுவயதில் நடந்தது நினைவிருப்பதாகச் சொன்ன பெண்களில் 97 சதவீதம் பேர் வலித்தது என்றார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர், தன் தாம்பத்திய வாழ்க்கையை அது பாதித்ததாகக் கருதினார். எதிர்த்தரப்பு இங்கே ஒன்றைச் சரியாகவே கேட்கலாம்: பிரசவ ஆபத்து பற்றிய பெரிய சான்று எங்கே? உலக சுகாதார நிறுவனம் ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, உறுப்பை வெட்டும், தைக்கும் வகைகளைப் பற்றியது. அந்த நிறுவனம் நான்காம் வகை என்று பிரிக்கும் குத்துவதும் கீறுவதும் அதில் இல்லை. உண்மைதான். கீறலும் தைத்து மூடுவதும் உடலுக்கு ஒரே அளவு கேடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் "அதைவிடக் குறைவு" என்பது "தீங்கில்லை" என்பதற்குச் சான்றாகாது. சின்னக் கீறலுக்காக வாதாடுபவர்கள் இதுவரை காட்டாதது இரண்டு: அந்தக் கீறலால் குழந்தைக்குக் கிடைக்கும் உடல்நல நன்மை ஒன்று, பேச்சில் சொல்லும் அளவுக்குள்தான் பிளேடு நின்றது என்பதற்கான ஆதாரம் இன்னொன்று.

2. வெள்ளைக் கோட்டு கத்தியைச் சுத்தப்படுத்தும். வழக்கத்தை அழிக்காது, அதற்கு ஆயுளைக் கூட்டும்.

இந்த விவாதத்தில் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். ஏனென்றால் இது ஏட்டளவு வாதம் இல்லை. எகிப்து செய்து பார்த்துவிட்டது.

1994இல் கெய்ரோவில் மக்கள்தொகை பற்றிய ஐ.நா. மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, அதே நகரில் ஒரு சிறுமிக்கு இந்தச் சடங்கு நடப்பதை சி.என்.என். ஒளிபரப்பியது. உலகமே பார்த்துவிட்ட அவமானத்தில் அரசு எடுத்த முடிவு விசித்திரமானது: நாட்டு மருத்துவச்சிகளிடம் போக வேண்டாம், அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். கண்டனம் எழுந்ததால் அடுத்த ஆண்டே அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. 1996இல் தடை வந்தது, ஆனால் 'மருத்துவக் காரணம்' என்ற ஓட்டையோடு. அந்த ஓட்டை வழியாகத் தனியார் கிளினிக்குகள் தாராளமாக நுழைந்தன.

2007இல் மின்யா மாகாணத்தில் 12 வயதுச் சிறுமி ஒரு தனியார் கிளினிக்கில் இறந்தாள். அதன் பிறகுதான் முழுத் தடை வந்தது, 2008இல் சட்டமும் வந்தது. 2013இல் நைல் டெல்டாப் பகுதியில் 13 வயதுச் சிறுமி இறந்தாள். செய்தவர் மருத்துவர். கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் 2015 ஜனவரியில் தண்டனை கிடைத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் எகிப்தில் கிடைத்த முதல் தண்டனை அதுதான். 2020இல் அஸ்யூத் மாகாணத்தில் இன்னொரு சிறுமி, இன்னொரு தனியார் கிளினிக். இந்த மூன்று மரணங்களில் ஒன்றுகூட மூலைமுடுக்கில், துருப்பிடித்த கத்தியால் நடந்ததில்லை. 'பாதுகாப்பான முறை' என்று விற்கப்பட்ட இடத்திலேயே நடந்தவை.

2014இல் நடந்த எகிப்தின் மக்கள்நலக் கணக்கெடுப்பில், வெட்டப்பட்ட சிறுமிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு அதைச் செய்தவர்கள் மருத்துவப் பணியாளர்கள். அதே கணக்கெடுப்பில், திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 92 சதவீதம் பேர் வெட்டப்பட்டவர்கள். சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிராமத்து மருத்துவச்சியை மட்டும் நம்பியிருந்தால், படித்த நகரத்துத் தாய் தயங்கியிருப்பாள். மருத்துவர் செய்கிறார் என்றதும் அந்தத் தயக்கம் போய்விட்டது. ஆபத்து என்ற ஒரே காரணத்தால் கைவிடத் தயாராக இருந்தவர்களுக்கும் மருத்துவம் மறுபடி வழி திறந்துவிட்டது.

இந்தோனேசிய அனுபவம் இதைவிடச் சங்கடமானது. 2003இல் அங்கே ஒரு சர்வதேச ஆய்வு நிறுவனம் களத்தில் இறங்கிப் பார்த்தது. பழைய மருத்துவச்சிகளில் பலர் செய்தது கிட்டத்தட்ட அடையாளச் சடங்கு, தொட்டும் தொடாமலும். பயிற்சி பெற்ற அரசு மருத்துவச்சிகளோ கத்தரிக்கோலை எடுத்து நிஜமாகவே சதையை வெட்டினார்கள். காரணம் எளிது. அறுவைக்குப் பழகிய கை, கொடுத்த வேலையை முழுமையாகச் செய்யும். 2010 விதிமுறையை அரசு 2014இல் ரத்து செய்தது. 2024இல் பெண் குழந்தைகளுக்கு இதைச் செய்யக் கூடாது என்று அரசாணையே வெளியிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020 வரை சுமார் 5.2 கோடிப் பெண்களுக்கு இதைச் செய்தவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். உலகம் முழுவதிலும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 'டாக்டர் செய்தால் படிப்படியாக ஒழிந்துவிடும்' என்பவர்கள், அப்படி ஒழிந்த ஒரு நாட்டைச் சொல்லட்டும்.

3. "எங்களுடையது வேறு" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

சூடானிலும் சோமாலியாவிலும் பெரும் வழக்கமாக இருந்தது 'ஃபிரவ்ன் முறை', அதாவது வெட்டித் தைத்து மூடுவது. இப்போது அங்கேயும் பல குடும்பங்கள் அதைப் பழித்துவிட்டு, "நாங்கள் சுன்னா மட்டும்தான் செய்கிறோம்" என்கின்றன. அந்தச் 'சுன்னா' எதுவரை என்பது மருத்துவச்சிக்கு மருத்துவச்சி மாறுகிறது. சில இடங்களில் கீறல், சில இடங்களில் முழுதாக வெட்டுவது, சில இடங்களில் இரண்டொரு தையலும் உண்டு. தன் ஊரில் நடப்பது மட்டும் மென்மையானது என்ற நம்பிக்கை, இந்த வழக்கம் உள்ள எல்லா ஊர்களுக்கும் பொது.

4. மதக் கடமை என்றால், விமானம் ஏறியதும் அது எப்படித் தளர்ந்தது?

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், இது வெறும் கட்டுக்கதை இல்லை. இலங்கையிலும் மலாய் உலகிலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) நூல்களில் இதைக் கடமையாகக் கருதும் கருத்து இருக்கிறது. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2009இல் இதைக் கடமை என்றே அறிவித்தது. அதே சமயம், கெய்ரோவின் அல் அஸ்ஹரில் உள்ள உயர் மார்க்க ஆய்வு மன்றம், இதற்கு இஸ்லாமியச் சட்டத்தில் அடிப்படை இல்லை என்று 2007இல் சொன்னது. மொராக்கோவிலும் துருக்கியிலும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இப்படி ஒரு வழக்கமே தெரியாமல் மார்க்கத்தோடுதான் வாழ்கிறார்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு எந்த மத்ஹபும் கிடையாது. ஆக, மதத்துக்குள்ளேயே தீராத விவாதம் இது. அதன் முடிவை ஏழு வயதுப் பிள்ளையின் உடலில் எழுதுவதற்கு யாருக்கும் அவசரம் இருக்கக் கூடாது.

போரா சமூகத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு சிறுமிகளுக்கு இதைச் செய்ததற்காகத் தாய், செவிலியர், மதகுரு ஆகிய மூவர் மீதும் 2015இல் குற்றம் உறுதியானது. அதையடுத்து 2016இல் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா என்று சட்டம் உள்ள நாடுகளின் போரா ஜமாத்துகள் ஒவ்வொன்றாக, "இந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இதைச் செய்யாதீர்கள்" என்று தம் மக்களுக்கு அறிவித்தன. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானாலும், 2019இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சின்னக் கீறலும் சட்டத்தின் பார்வையில் சிதைப்புதான் என்று தீர்ப்பளித்தது. சிட்னியில் விடக்கூடிய கடமையை மும்பையில் ஏன் விட முடியாது? இந்தியாவில் சட்டம் இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

ஜாவாவின் சில பகுதிகளில் இன்னொரு முறை உண்டு. ஒரு மஞ்சள் துண்டைக் குழந்தையின் உடலருகே வைத்து, மஞ்சளை மட்டும் நறுக்கிவிட்டுச் சடங்கை முடித்துவிடுவார்கள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. பெயர் சூட்டும் விருந்தும் பிரார்த்தனையும் தடையின்றி நடக்கின்றன. அடையாளம்தான் முக்கியம் என்றால் மஞ்சள் போதும். மஞ்சள் போதாது என்பவர்கள், தங்களுக்கு வேண்டியது அடையாளமல்ல என்று தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

5. காது குத்தோடு ஒப்பிடுபவர்கள் பத்திரிகை அடித்துச் செய்வார்களா?

காது குத்துக்கு ஊரைக் கூட்டுகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, போட்டோ எடுத்து, மொய் எழுதி, சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். அழுத பிள்ளை அன்று மாலையே புதுத் தோட்டைக் காட்டிக்கொண்டு திரியும். பிடிக்காவிட்டால் பிற்காலத்தில் தோட்டைக் கழற்றி வைத்துவிடலாம். இதுவோ எப்போதும் மூடிய கதவுக்குள் நடப்பது. போரா பெண்கள் பலர் வெளிப்படையாகச் சொன்ன அனுபவங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு பொய்: ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன், பிறந்தநாளுக்குப் போகிறோம், சினிமாவுக்குப் போகிறோம் என்று அழைத்துச் சென்ற பாட்டி, பிறகு "யாரிடமும் சொல்லாதே, அப்பாவிடம்கூட" என்று சொன்னது. காது குத்திவிட்டு அதை அப்பாவிடம் மறைக்கச் சொன்ன பாட்டி உண்டா?

ஆண் பிள்ளைகளின் சுன்னத்து வேறு விவாதம். அதன் மருத்துவ நன்மை தீமைகளைத் தனியாக எடைபோடலாம், அதையும் எதிர்ப்பவர்கள் தங்கள் வழக்கைத் தாராளமாகக் கொண்டுவரலாம். மகனுக்குச் செய்வதால் மகளுக்கும் செய்யலாம் என்பது சமத்துவமாகாது. பெண்ணின் இச்சையைக் கட்டுக்குள் வைக்கத்தான் இது என்று பல பாட்டிமார் வெளிப்படையாகவே சொல்வதுண்டு. மகனின் சுன்னத்துக்கு இன்று பொதுவாக அந்தக் காரணம் சொல்லப்படுவதில்லை.

6. தடை தோற்கும் என்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

பாதி உண்மை அதில் இருக்கிறது. 1956இல் கென்யாவின் மேரு பகுதியில் காலனி அரசின் தூண்டுதலால் முதியோர் மன்றம் தடை போட்டது. வளரிளம் பெண்கள் கடையில் பிளேடு வாங்கி ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் திணித்ததை மீறுவதே சுதந்திரம் என்று தோன்றிய காலம் அது. தடையை மட்டும் மேலிருந்து இறக்கினால் இப்படியும் ஆகும்.

அதே கென்யாவின் மீதிக் கதையையும் கேட்க வேண்டும். 1998இல் 15 முதல் 49 வயதுக் கென்யப் பெண்களில் 38 சதவீதம் பேர் வெட்டப்பட்டிருந்தார்கள். கென்ய நாடாளுமன்றமே 2011இல் சட்டம் இயற்றியது. 2022இல் அந்த அளவு 15 சதவீதம். 'வயது வந்த பெண் விரும்பினால் செய்துகொள்ளட்டுமே' என்று ஒரு மருத்துவரே வழக்குப் போட்டபோது, உயர் நீதிமன்றம் 2021இல் அதைத் தள்ளுபடி செய்தது. புர்கினா ஃபாசோ 1996இலேயே தடை செய்து, சடங்கு செய்தவர்களைச் சிறைக்கும் அனுப்பியது. அங்கே 2010இல் 76 சதவீதமாக இருந்தது 2021இல் 56 ஆனது. செனகலில் 1997 ஜூலையில் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள் சேர்ந்து, இனிச் செய்ய மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். ஒரு குடும்பம் மட்டும் விட்டால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் இருக்கும். ஊரே சேர்ந்து விட்டால் அந்தப் பயம் இல்லை. சட்டமும் ஊர்ப் பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற கற்பனைக்கு இந்த மூன்று நாடுகளிலும் ஆதாரம் கிடையாது.

காம்பியாவில் 2015 தடையை நீக்க ஒரு எம்.பி. மசோதா கொண்டுவந்தார். 2024 மார்ச்சில் பெரும்பான்மை எம்.பி.க்கள் அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் வீதிக்கு வந்து பேசினார்கள். ஜூலை 15 அன்று அதே அவை அந்த மசோதாவைத் தோற்கடித்தது. சட்டம் மக்களுக்குப் பேச ஒரு மேடையையும் தரும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

7. மேற்கத்தியச் சதி என்பவர்களுக்கு இரண்டு வரி போதும்.

எகிப்தின் நவால் எல் சாதாவி 1970களின் தொடக்கத்திலேயே இதை எதிர்த்து எழுதி, சுகாதார அமைச்சகப் பதவியை இழந்தார். சோமாலிலாந்தின் மருத்துவச்சி எட்னா அதான் அரை நூற்றாண்டாகப் பேசிவருகிறார், பிப்ரவரி 6ஐ எதிர்ப்பு நாளாக 2003இல் அறிவித்தவர் அப்போதைய நைஜீரிய அதிபரின் மனைவி, போரா பெண்களின் மனுக்களிலும் இலங்கை நாடாளுமன்றக் குழு முன் வந்த சாட்சியங்களிலும் பேசியவர்கள் அந்தந்தச் சமூகத்தின் மகள்களே.

இந்தியாவிலும் இலங்கையிலும் நிலைமை என்ன? இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, இப்படி ஒன்று நடப்பதற்கு அதிகாரபூர்வத் தரவு எதுவும் இல்லை என்று 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. யாரும் எண்ணாததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் எண்ணவும் தேவையில்லை என்றாகிவிட்டது. 2018இல் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இலங்கையில், 2017இல் பெண்கள் நாடாளுமன்றக் குழுவிடம் முறையிட்ட பின், 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை அனுப்பி மருத்துவப் பணியாளர்கள் இதைச் செய்யக் கூடாது என்றது. நல்ல முதல் படி. அந்தச் சுற்றறிக்கை மருத்துவரைக் கட்டுப்படுத்தும், ஒஸ்தா மாமியைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. மருத்துவர்கள் யார் கேட்டாலும் மறுக்க வேண்டும், "லேசாகச் செய்துவிடுகிறேன்" என்று கூடச் சொல்லக் கூடாது. இரண்டு நாடுகளின் சட்டமும் கீறலையும் வெட்டையும் பிரிக்காமல், யார் செய்தாலும் குற்றம் என்று சொல்ல வேண்டும். மார்க்க அறிஞர்கள் சிட்னிக்குச் சொன்னதை மும்பைக்கும் கொழும்புக்கும் சொல்ல வேண்டும். கூலியை நம்பி வாழும் ஒஸ்தா மாமிக்கு வேறு வருமானம் காட்டுவது அரசின் பொறுப்பு. அதுவரை, நாற்பதாம் நாள் நெருங்கும் வீட்டில் இருக்கும் தாயும் தகப்பனும் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: அவரை அழைக்காமல் இருப்பது.